விலை பேசாமல் நடந்த விருந்து: ஒரு பில் தகராறு, வரி வரியாக

விருந்து முடிந்து நாலாம் நாள் பில் வந்தது. நினைத்திருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. விருந்து வைத்தவர் ஃபோனை எடுத்துக் கேட்டது இது: "விலையே பேசலையே, எப்படி இவ்வளவு கேக்கறீங்க?" கேட்டரிங்காரரின் பதிலும் அதே வார்த்தையில் தொடங்கியது: "விலையே பேசலையே சார், அப்போ நான் போட்டதுதானே விலை?" இரண்டு பேர் சொன்னதும் தவறு. ஆனால் கேட்டரிங்காரர் சொன்னது இன்னும் கொஞ்சம் பெரிய தவறு.

இந்த மாதிரித் தகராறுகளில் வழக்கமாகத் தலைகாட்டும் சிக்கல்களை ஒரே பில்லுக்குள் சேர்த்து வைத்த மாதிரி நிகழ்வு இது. எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்தட்டும் என்று பில்லின் மொத்தத்தை 1,000 என்று வைத்திருக்கிறேன். மற்ற தொகைகள் எல்லாம் அதற்கேற்ற விகிதத்தில். அரசுக்குக் கட்டும் வரியை இப்போதைக்குத் தனியே ஒதுக்கிவிடலாம்.

நடந்தது

நண்பர் ஒருவர் கைகாட்டிய கேட்டரிங்காரர். முதலில் ஃபோனில் பேச்சு, அப்புறம் வாட்ஸ்அப்பில் பட்டியல். தேதி, நேரம், இடம், என்னென்ன பரிமாற வேண்டும், சுமார் 120 பேர் என்பது வரை எல்லாம் எழுத்தில் இருந்தது. ரேட்டைப் பற்றி ஒரே ஒரு முறைதான் கேள்வி வந்தது. அதற்கு வந்த பதிலும் எழுத்தில் இருக்கிறது: "அதெல்லாம் பாத்துப் போட்டுக்கலாம் சார், உங்களுக்கு அதிகமா போட மாட்டேன்."

முன்பணமாக 200 போனது. விருந்துக்கு மூன்று நாள் இருக்கும்போது விருந்து வைத்தவர் ஒரு செய்தி அனுப்பினார்: "150 பேருக்கு ரெடி பண்ணிடுங்க." வந்தவர்கள் 131 பேர். வாசலில் பெயர் எழுதி வாங்கியதால் இந்த எண்ணில் சந்தேகமில்லை. நிகழ்ச்சி தாமதமாகத் தொடங்கியதால் பரிமாறுகிறவர்கள் 2 மணி நேரம் கூடுதலாக நிற்க வேண்டி வந்தது. பட்டியலில் இருந்த ஒரு பண்டம் கடைசி வரை வரவே இல்லை. மற்றபடி சாப்பாட்டில் யாருக்கும் குறையில்லை, எல்லாரும் நன்றாகவே சாப்பிட்டுப் போனார்கள்.

பில் இப்படி இருந்தது:

உணவு, 165 பேருக்கு, தலைக்கு 4 வீதம்: 660
பரிமாறும் ஆட்கள் கூலி: 90
சேவைக் கட்டணம், உணவுத் தொகையில் 10 சதவீதம்: 66
மேசை, பாத்திரம் வாடகை: 70
வண்டிச் செலவு: 24
உடைந்தவை, காணாமல் போனவை: 20
கூடுதல் நேரம்: 70

மொத்தம் 1,000. முன்பணம் கழித்து 800 தர வேண்டும்.

விருந்து வைத்தவர் மனதில் இருந்த கணக்கு வேறு. அறிமுகப்படுத்திய நண்பர், முன்பு தன் வீட்டு விசேஷத்துக்கு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 4 கொடுத்திருந்தார். வந்த 131 பேரை 4 ஆல் பெருக்கினால் 524. வந்திருப்பதோ 1,000, ஆளுக்கு வகுத்தால் 7.6க்கும் மேல். கோபம் வராமல் என்ன செய்யும்?

"ஒப்பந்தமே இல்லை" என்ற வாதம்

வீட்டில் ஒருவர் உடனே யோசனை சொன்னார்: விலை முடிவாகாமல் ஒப்பந்தமே கிடையாது, அதனால் முன்பணத்துக்கு மேல் ஒரு காசும் தர வேண்டாம். கேட்க இனிக்கிறது. பாதி சட்டமும் இருக்கிறது. இங்கிலாந்தில் மே அண்ட் புட்சர் வழக்கில், முதல் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய கூடாரத் துணிகளை அரசு விற்க, விலையை அவ்வப்போது இரு தரப்பும் பேசி முடிவு செய்வதாக ஏற்பாடு. பேச்சு முறிந்தது. விலை முடிவாகாத இடத்தில் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இல்லை என்று, அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1929இல் சொல்லிவிட்டது.

ஆனால் அது இனிமேல் தர வேண்டிய சரக்கைப் பற்றிய சண்டை. இங்கே சாப்பாடு வந்து, பரிமாறி, சாப்பிட்டும் முடிந்துவிட்டது. இதற்கு நெருக்கமான வழக்கு, 1984இல் சட்ட அறிக்கைகளில் வெளியான பிரிட்டிஷ் ஸ்டீல் எதிர் கிளீவ்லாண்ட் பிரிட்ஜ். விலையும் நிபந்தனைகளும் முடிவாகும் முன்பே, அவசரம் என்று எஃகு வார்ப்புகள் ஒவ்வொன்றாக அனுப்பப்பட்டன. பேச்சு கடைசி வரை முடியவில்லை. ஒப்பந்தம் உருவாகவில்லை என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். அதே மூச்சில், கேட்டு வாங்கிய சரக்குக்கு நியாயமான தொகை கொடுத்தாக வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். ஆகவே ஒப்பந்தம் இல்லை என்று வாதாடி ஜெயித்தாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

நாட்டுக்கு நாடு சட்டத்தின் வாசகம் மாறும், கருத்து பெரிதாக மாறுவதில்லை. இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 70ஆம் பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, விலை எந்த வழியிலும் தீர்மானிக்கப்படாவிட்டால் வாங்கியவர் நியாயமான விலை தர வேண்டும், நியாயம் எது என்பது அந்தந்தச் சூழ்நிலையைப் பொறுத்தது என்கிறது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் 51ஆம் பிரிவில் சேவைகளுக்கும் இதையே சொல்கிறது: விலை குறிக்கப்படவில்லை என்றால் நுகர்வோர் நியாயமான விலை தர வேண்டும், அதற்கு மேல் தர வேண்டியதில்லை. ஜெர்மனியின் சிவில் சட்டத் தொகுப்பில் 632ஆம் பிரிவு, அரசு நிர்ணயித்த கட்டணம் இல்லாத இடத்தில் வழக்கமான கட்டணத்தையே பேசியதாகக் கொள்ள வேண்டும் என்கிறது.

கேட்டரிங்காரரின் "நான் போட்டதுதான் விலை" இதில் எங்கேயும் ஒட்டவில்லை. கேட்கிற தொகை நியாயமானது என்று காட்ட வேண்டிய பொறுப்பு, பொதுவாகக் கேட்கிறவர் தலையில்தான். விருந்து வைத்தவரின் 524க்கும் அதே கதிதான். நண்பர் கொடுத்த ரேட் நண்பருக்கும் கேட்டரிங்காரருக்கும் நடுவில் நடந்தது. இதே இரண்டு பேருக்குள் முன்பு இரண்டு மூன்று விருந்துகள் ஒரே ரேட்டில் நடந்திருந்தால் அந்தப் பழக்கமே விலையாக நின்றிருக்கும். இன்னொருவர் கொடுத்த ரேட் வெறும் சான்று, அதுவும் பலவீனமான சான்று. அவர் விருந்து 60 பேருக்கு, பட்டியல் சின்னது, நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

அந்த ஒரு செய்தி

"உங்களுக்கு அதிகமா போட மாட்டேன்." இதைக் குசலம் விசாரித்த மாதிரி ஒதுக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஒதுக்கக் கூடாது. 1937இல் பிரபுக்கள் சபை தீர்த்த வே எதிர் லாட்டில்லா வழக்கில், மேற்கு ஆப்பிரிக்காவில் தங்கச் சுரங்க உரிமைகள் பெற்றுத் தந்தவருக்கு என்ன பங்கு என்று கடைசி வரை பேசி முடிக்கவில்லை. பங்கு பற்றிய ஒப்பந்தம் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் உழைப்புக்குக் கூலியாக 5,000 பவுண்டு கொடுக்க வைத்தது. அந்தத் தொகைக்கு வர, இரண்டு பேரும் தங்களுக்குள் எழுதிக்கொண்டதையும் பேசிக்கொண்டதையும் எடுத்துப் பார்த்தது. முடியாமல் போன பேச்சுக்கும் மதிப்பின் சான்றாக இடமுண்டு.

அந்த வகையில் இந்தச் செய்தி விலை எதையும் சொல்லாவிட்டாலும் மேல் வரம்பு ஒன்றைக் காட்டுகிறது. சந்தையில் உள்ள வழக்கமான ரேட்டுக்கு மேல் போக மாட்டேன் என்றுதான் கேட்கிற யாரும் புரிந்துகொள்வார்கள். இனி சண்டை முழுக்க அந்த வழக்கமான ரேட் எது என்பதைப் பற்றியது.

ரேட் சரி, தலை எண்ணிக்கைதான் கோளாறு

விருந்து வைத்தவர் செய்த உருப்படியான வேலை இது: அதே பட்டியல், 150 பேர், அதே தூரம், வாரத்தின் அதே நாள் என்று குறிப்பிட்டு வேறு மூன்று கேட்டரிங்காரர்களிடம் எழுத்தில் ரேட் கேட்டார். தகராறைப் பற்றி மூச்சு விடவில்லை. "ஒருத்தர் உங்களுக்கு முன்னாடி இவ்வளவு போட்டுட்டார், நீங்க எவ்வளவு போடுவீங்க?" என்று கேட்டால் வேண்டுமென்றே குறைத்துச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் காகிதம் எதிராளி கையில் போனால் நிற்காது.

வந்த ரேட், உணவுக்கு மட்டும்: 3.4, 3.7, 4.3.

விருந்து வைத்தவருக்கு ஏமாற்றம். தான் கொதித்துக்கொண்டிருந்த 4 என்ற ரேட் சந்தை வரம்புக்குள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. நான் பார்த்தவரை, பில் சண்டையில் பலரும் தோற்பது இந்த இடத்தில். பெரிய எண்ணைக் கண்டதும் ரேட்டைத்தான் அடிக்கப் போகிறார்கள், ரேட்டைக் காப்பாற்றுவதோ கேட்டரிங்காரருக்கு மிகச் சுலபம். "என் சரக்கு தரமானது" என்ற ஒரு வரி போதும். ரேட்டை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மற்ற வரிகளைப் பற்றிப் பேச நமக்கு நாக்கு இருக்கும்.

165 எங்கிருந்து வந்தது? கேட்டபோது, சொன்ன எண்ணுக்கு மேல் 10 சதவீதம் கூட வைத்துச் சமைப்பது தொழில் வழக்கம் என்றார். அப்படிச் சமைப்பது உண்மைதான். சாப்பாடு குறைந்துபோனால் பழி தன் மேல் விழும் என்ற பயத்தில் செய்வது. ஆனால் அந்தக் காப்பு அவர் தன் பெயரைக் காத்துக்கொள்ள வைத்தது. அதற்குக் காசு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மற்ற மூவரின் ரேட்டிலும் இது தனியாக இல்லை, தலைக்கான ரேட்டுக்குள்ளேயே அடங்கியிருந்தது.

அதே அளவுகோலை இந்தப் பக்கமும் வைக்க வேண்டும். 131 பேர்தான் வந்தார்கள் என்பது உண்மை. 150 பேருக்கு ரெடி பண்ணச் சொன்னதும் உண்மை. பொருள் வாங்கி, ஆள் பிடித்து, அடுப்பேற்றிய பிறகு வராத 19 பேரின் செலவை அவர் தலையில் கட்ட முடியாது. மீந்த சாப்பாட்டை விருந்து வைத்தவர் வீடே எடுத்துக்கொண்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக 150, தலைக்கு 4, மொத்தம் 600.

மற்ற வரிகள்

ஆள் கூலி 90, சேவைக் கட்டணம் 66. பரிமாறுவதற்கு இரண்டு முறை காசு. கேட்டரிங்காரர் சேவைக் கட்டணம் என்பது மேற்பார்வைக்கு என்றார். மூன்று ரேட்டில் இரண்டில் ஆள் கூலி சாப்பாட்டு ரேட்டிலேயே சேர்ந்திருந்தது, மூன்றாமவர் ஆள் கூலியைத் தனியாகக் கேட்டாலும் சேவைக் கட்டணம் கேட்கவில்லை. சொல்லாமல் போட்ட சதவீதக் கணக்கு எதுவாக இருந்தாலும் இப்படி ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்: இந்தப் பணம் எந்த வேலைக்கு, அந்த வேலைக்கு வேறு வரியில் ஏற்கெனவே காசு போட்டாயிற்றா? 90 நின்றது, 66 போனது.

கூடுதல் நேரம் 70. தாமதம் விருந்து வைத்தவர் பக்கத்தில் நடந்தது, அதனால் தர மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. கணக்கை மட்டும் பார்க்கலாம். 6 மணி நேர வேலைக்கு ஆள் கூலி 90 என்றால் மணிக்கு 15. கூடுதல் 2 மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு வைத்தாலும் 45தான் வருகிறது. கேட்டரிங்காரரின் சொந்தக் கூலி வரியே அவருடைய கூடுதல் நேர வரியைப் பொய்யாக்குகிறது என்பதால் இதற்கு வெளிச் சான்று எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு நிமிடத்தில் ஒப்புக்கொண்டார்.

வாடகை 70. மேசைகளும் பாத்திரங்களும் வேறு இடத்திலிருந்து எடுத்து வந்தவை. அந்த வாடகைக் கடையின் ரசீது கேட்டபோது 48 என்று வந்தது. ஏற்றி இறக்கி, கழுவி, எண்ணித் திருப்பிக் கொடுத்ததற்கு ஏதாவது சேர்ப்பது நியாயம்தான். 55இல் நின்றது. இந்த 7 எதன் அடிப்படையில் என்று கேட்டால் பதில் இல்லை. இரண்டு பேருக்கும் அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

வண்டிச் செலவு 24. விட்டுவிட்டார்கள். சின்னத் தொகை, உண்மையான செலவு. எல்லா வரியையும் சந்தேகப்படுகிறவரின் எந்த ஆட்சேபத்தையும் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

உடைந்தவை 20. விருந்து முடிந்த இரவு யாரும் உட்கார்ந்து எண்ணவில்லை, உடைந்ததைப் படம் எடுக்கவில்லை. கேட்டரிங்காரர் கையில் எதுவும் இல்லாததால் அந்த வரி போனது. நிஜமாகவே சில உடைந்திருக்கலாம். இது அவருக்குக் கொஞ்சம் அநியாயமாகவும் முடிந்திருக்கலாம்.

வராத பண்டம் ஒன்று பாக்கி. பட்டியலில் எழுத்தில் இருந்தது, மேசைக்கு வரவில்லை. ரேட் கொடுத்த மூவரில் ஒருவர் பண்டவாரியாகப் பிரித்துக் காட்டியிருந்தார், அவர் கணக்கில் அதன் பங்கு தலைக்கு 0.2. 150 பேருக்கு 30 கழிக்க வேண்டும். "விருந்தே கெட்டுப்போச்சு, பாதிதான் தருவேன்" என்று கத்துவதைவிட இந்த 30 எவ்வளவோ வலுவானது, அதை எப்படி எட்டினோம் என்று காட்ட முடியும்.

கூட்டினால்: 600, 90, 55, 24, 45. மொத்தம் 814. 30 போக 784.

எதை முதலில் அனுப்பினார்

மேலே உள்ள கணக்கெல்லாம் கடைசியில் வந்து நின்ற நிலை. பேச்சு தொடங்கும் முன் விருந்து வைத்தவர் செய்தது வேறு. தானே ஒப்புக்கொள்ளும் 524இல் முன்பணம் 200 போக மீதி 324ஐ உடனே வங்கி வழியாக அனுப்பிவிட்டு, கூடவே இதை எழுதினார்:

"உங்கள் பில் கிடைத்தது. நாம் விலை முன்கூட்டிப் பேசவில்லை என்பதால் நியாயமான தொகையைத் தர நான் கடமைப்பட்டிருக்கிறேன். எனக்கு ஆட்சேபம் இல்லாத அளவுக்கு 324 இன்று அனுப்பியிருக்கிறேன். இது கணக்கில் ஒரு பகுதிதான், மீதிக்கு என் ஆட்சேபம் தொடர்கிறது. 165 என்ற எண்ணிக்கை, சேவைக் கட்டணம், கூடுதல் நேரம், வாடகை, உடைந்தவை ஆகிய ஐந்துக்கும் விவரமும் ரசீதும் வேண்டும். ரேட்டைப் பற்றி இப்போது எதுவும் சொல்லவில்லை, மூன்று இடங்களில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரத்தில் பேசலாமா?"

இந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அதில் இல்லாத விஷயங்கள். இணையத்தில் மோசமாக விமர்சனம் எழுதுவேன் என்ற மிரட்டல் இல்லை. "குறைக்காவிட்டால் எழுதிவிடுவேன்" என்று எழுத்தில் கொடுப்பது, மிரட்டிப் பணம் பறிப்பதாகத் திரும்பி நம் மேலேயே பாயக்கூடும். சாப்பாட்டைப் பற்றி, அவர் நாணயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பகுதிப் பணம் போய்விட்டதால் "காசே தராமல் ஏமாற்றுகிறார்" என்று கேட்டரிங்காரர் யாரிடமும் சொல்லவும் முடியாது. சண்டையின் அளவும் சுருங்கியது: 800ஆக இருந்தது 476 ஆனது. 476க்காக வழக்குப் போடுவதா என்று அவரும் யோசிப்பார்.

மீதிப் பணம் விருந்து வைத்தவர் கையிலேயே இருந்தது இங்கே பெரிய பலம். முழுப் பணமும் கொடுத்த பிறகு தகராறு செய்தால் நிலைமை தலைகீழ். அப்போது வழக்குப் போட்டு, அதிகம் வாங்கிவிட்டார் என்று நிரூபிக்க வேண்டியவர் விருந்து வைத்தவர். ஏதோ கட்டாயத்தில் முழுதும் கட்ட வேண்டி வந்தாலும், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று பணம் போகிற நேரத்திலேயே எழுதிவிட வேண்டும். பத்து நாள் கழித்து எழுதினால் அதற்கு மதிப்புக் குறைவு. அட்டையில் கட்டியிருந்தால் வங்கி வழியாகத் திரும்பக் கேட்கும் வழி சில இடங்களில் உண்டு, ஆனால் வேலை நடந்து தொகை மட்டும் அதிகம் என்ற தகராறில் வங்கிகள் அவ்வளவாக ஆர்வம் காட்டுவதில்லை.

முடித்த விதம்

இரண்டாவது பேச்சில் 780க்கு முடிந்தது. ஏற்கெனவே 524 போயிருந்ததால் இன்னும் 256.

பணத்தை அனுப்பும் முன் ஒரு விஷயம். ஆங்கிலச் சட்ட மரபில் ஒரு பழைய முள் உண்டு: கடன் தொகை இவ்வளவு என்று உறுதியாக இருந்தால், குறைத்து வாங்கிக்கொண்டு "சரி, முடிந்தது" என்று சொன்னவர்கூட மீதியை அப்புறம் கேட்கலாம். 1884இன் ஃபோக்ஸ் எதிர் பியர் வழக்கு அதைத்தான் உறுதி செய்தது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இந்த முள்ளைப் பிடுங்கிவிட்டது, குறைத்து ஏற்றுக்கொண்டால் கணக்கு முடியும். மற்ற இடங்களிலும், தொகையே நேர்மையாகத் தகராறில் இருக்கும்போது செய்துகொள்ளும் சமரசம் நிற்கும். அதனால்தான் சமரசச் செய்தியில் தகராறு இருந்தது என்பதையே எழுத வேண்டும்: "பில் தொகை குறித்து நமக்குள் இருந்த கருத்து வேறுபாட்டை மொத்தம் 780 என்று பேசி முடித்துக்கொள்கிறோம். 524 ஏற்கெனவே பெற்றாயிற்று. 256 வந்ததும் இந்த விருந்து தொடர்பாக இரு தரப்புக்கும் வேறு பாக்கி எதுவும் இல்லை." கேட்டரிங்காரர் "ஓகே சார்" என்று பதில் போட்டார். அது போதும், ஆனாலும் விருந்து வைத்தவர் "780க்குச் சம்மதம்" என்று தொகையோடு ஒரு வரி கேட்டு வாங்கிக்கொண்டார்.

256 அன்று மாலையே போனது. அதோடு 780க்குத் திருத்திய பில் ஒன்றும் கேட்டு வாங்கினார். முதல் பில்லில் அரசு வரி 1,000க்குப் போட்டிருந்தது. பழைய பில்லை ரத்து செய்யாமல் விட்டிருந்தால் அந்த 220க்கும் சேர்த்து வரி கணக்கில் நின்றிருக்கும்.